சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்!

தீபாவளிக்கு முதல் நாள் தியாகராய நகரில் கிடைக்காத பொருள் ஒன்றும் இல்லை. பட்டுப் புடவை கிடைக்கும். பலகாரம் கிடைக்கும். ரங்கநாதன் தெருவில் நிற்பதற்கு இடம் கிடைக்காதே தவிர, ஊசி முதல் உரல் வரை மற்றதெல்லாம் கிடைக்கும்.

ஆனால், அன்றைக்கு ஒரே ஓர் ஆசாமி மட்டும் யார் கண்ணிலும் பட மாட்டார்.

யார் அந்த ஆசாமி?

வெந்நீர் போடுகிற கீசரைப் பழுது பார்க்கிற ஆசாமிதான்!

வருஷம் முழுவதும் அவரை யாரும் நினைப்பதில்லை. விடிந்தால் எண்ணெய் ஸ்நானம் என்ற நிலையில்தான் ஊரே அவரைத் தேடுகிறது. அவசரத்தில் கிடைத்த ஆளைப் பிடித்து வேலையை ஒப்படைக்கிறோம். அந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். வாசகர்களுக்கு அது உதவும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

தியாகராய நகரில், மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் வீடு. குளியலறைச் சுவரில் 25 லிட்டர் கீசர் மாட்டியிருக்கிறது. அதன் அடியில் இருக்கும் சிறிய வால்விலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. என் மனைவி அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் குவளையை வைத்திருந்தாள்.

"விருந்தாளிகள் வருகிற நாள். இந்தக் குவளையை எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டிருப்பது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். தெருமுனையில் நின்றிருந்த ஓர் இளைஞனை அழைத்து வந்தேன். குழாய் வேலை செய்கிறவன். பார்த்தான். பையிலிருந்து ஒரு சிறிய பித்தளைத் திருகை எடுத்தான். வெள்ளை டேப்பைச் சுற்றினான். சொட்டுகிற துவாரத்தில் வைத்து முறுக்கினான்.

"டம்மி போட்டுட்டேன் சார். இனிமே ஒரு சொட்டு வராது" என்றான்.

சொன்னபடியே ஒரு சொட்டும் வரவில்லை. 300 ரூபாய் கொடுத்தேன். குவளை எடுபட்டது. தீபாவளி சந்தோஷமாக நடந்தது.

மூன்று வாரம் சென்றது. ஒரு நாள் காலை வெந்நீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. கொதிநீரும் ஆவியுமாகச் சீறிக்கொண்டு வந்தது. கை தப்பியது தெய்வாதீனம். மறுநாள் கீசர் அடியோடு நின்றுவிட்டது.

இம்முறை அக்கம்பக்கத்தில் விசாரித்து, வயதான வயர்மேன் ஒருவரை வரவழைத்தோம். மூடியைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கண் அந்தப் பித்தளைத் திருகின்மேல் விழுந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

"சார், இதை யாரு அடைச்சது?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுக்குள்ள மூணு காவல் இருக்கு சார். சூடு ஏறினா கரண்டை நிறுத்துற தெர்மோஸ்டாட் ஒண்ணு. அது ஒட்டிக்கிச்சு; நிறுத்தவே இல்லை. அழுத்தம் ஏறினா வெளியே விடுற வால்வு ஒண்ணு. அதை நீங்களே அடைச்சிட்டீங்க. மூணாவது, கடைசிக் காவல், கட்-அவுட். அது விழுந்ததாலதான் நீங்க இப்ப என்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க."

நான் பேசாமல் நின்றேன். அந்தக் குளியலறையில் என் பேரன் தினமும் அரை மணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டு குளிப்பான்.

கொல்லைப்புறத்துப் பாய்லர்

இந்தக் கவலையெல்லாம் நம் பாட்டனார் காலத்தில் கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

தியாகராய நகர் ஏரியில் எழுந்த ஊர். மாம்பலத்தின் நீண்ட ஏரி இருந்த இடத்தில், 1923 முதல் 1925 வரையிலான ஆண்டுகளில் மனைகள் பிரித்துத் திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு அது. நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அன்றைய முதல் மந்திரி பனகல் ராஜாவின் பெயர் பூங்காவுக்கு அமைந்தது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் குடியேறுவது இன்னும் சௌகரியமாயிற்று.

அந்தக் காலத்து வீடுகளில் முன்பக்கம் திண்ணை அல்லது தாழ்வாரம், பின்பக்கம் கொல்லை, கிணறு, இரண்டு தென்னை மரம். கொல்லையில் ஒரு வெந்நீர் அடுப்பு, அதன்மேல் தவலை. கொஞ்சம் வசதியுள்ள வீடாக இருந்தால் செப்புப் பாய்லர். நடுவே புகைக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கரி அல்லது சிரட்டை நெருப்பு. மட்டையும் பாளையும் அந்தத் தென்னை மரமே கொடுத்துவிடும்.

அந்தப் பாய்லர் வெடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. காரணம் சுலபமானது. அதன் வாய் திறந்திருந்தது. தண்ணீர் கொதித்தால் ஆவி மேலே போய்விடும். அடைபட்டால்தானே அபாயம்?

அந்தப் பாய்லருக்கு வேண்டிய வைத்தியரும் வாசலிலேயே வருவார். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே!" என்று கூவிக்கொண்டு துருத்தியும் கரியுமாக வருகிறவர், ஓட்டையானால் அடைப்பார், நெளிந்தால் தட்டிக் கொடுப்பார். அவர் செய்கிற வேலையை நாம் திண்ணையில் உட்கார்ந்து நம் கண்ணாலேயே பார்க்கலாம். சரியா தப்பா என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

கொல்லை போய் அடுக்கு மாடி வந்தது. அடுப்பு போய் கீசர் வந்தது. இப்போது தண்ணீர் கொதிப்பது மூடிய பெட்டிக்குள்ளே. சூடு தருவது கண்ணுக்குத் தெரியாத மின்சாரம். பழுது பார்க்கிறவர் செய்வதும் மூடிக்குள்ளே. ஆகவே ஆளைப் பொறுக்குவதில் நமக்கு முன்னைவிட அதிக ஜாக்கிரதை வேண்டும்.

ஆலைக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை

மாம்பலம் ஏரியில் மனை பிரிக்கத் தொடங்கிய அதே 1923-ல்தான் இந்திய பாய்லர் சட்டமும் வந்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டு போனார்கள். அதன் விளைவாக மறு ஆண்டே வங்காளத்தில் சட்டம் செய்தார்கள். பிறகு மாகாணத்துக்கு ஒரு விதியாக இருந்ததை ஒன்றுபடுத்தி, 1923-ல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் ஆக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது நடைமுறையில் இருந்தது. 2025-ல் புதிய பாய்லர் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

ஆலையில் பாய்லர் வைத்தால் பதிவு செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். சான்றிதழ் இல்லாமல் நெருப்பு மூட்டக் கூடாது.

நம் வீட்டுக் கீசர் நீராவி உற்பத்தி செய்கிற யந்திரம் அல்ல. தண்ணீரைச் சூடு பண்ணுகிற பெட்டி மட்டுமே. ஆகையால் அந்தச் சட்டம் அதைத் தொடுவதில்லை. எந்த இன்ஸ்பெக்டரும் குளியலறைக் கதவைத் தட்டப் போவதில்லை.

அப்படியானால் குளியலறைக்கு இன்ஸ்பெக்டர் யார்?

நீங்கள்தான்!

பயப்பட வேண்டாம். அதற்கு என்ஜினீயர் படிப்பு வேண்டியதில்லை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதும், வருகிற ஆளிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்தால் போதும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இரும்புத் தகட்டால் ஆன ஒரு தொட்டி. உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கக் கண்ணாடி போன்ற பூச்சு. சூடு தருகிற சுருள் ஒன்று. அதைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட். அதற்கும் மேல் கட்-அவுட். தண்ணீர் உள்ளே போகிற வாயில், அழுத்தத்தை விடுவிக்கிற பாதுகாப்பு வால்வு.

தண்ணீர் சூடானால் பெருக்கும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், சுமார் 350 மில்லி அதிகமாகிறது. ஒன்றரை டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன தண்ணீர் திரும்பிப் போகாதபடி வாயிலிலேயே தடை இருக்கிறது. அப்படியானால் அந்த ஒன்றரை டம்ளர் எங்கே போகும்? வால்வு வழியாகச் சொட்டித்தான் போக வேண்டும்.

என் மனைவி குவளையில் பிடித்தது இந்தத் தண்ணீரைத்தான். அது பழுது அல்ல. பெட்டி ஒழுங்காக மூச்சு விடுகிறது என்பதற்கு அடையாளம்!

சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை இல்லை. இரவு பகல் ஓயாமல் ஒழுகினால் வால்வில் கசடு சிக்கியிருக்கலாம். அல்லது தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். அப்போது வால்வைச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக மாற்ற வேண்டும். அடைப்பது மட்டும் ஒருக்காலும் கூடாது. சொட்டுகிற வாயில் ஒரு சிறிய குழாயைப் பொருத்திச் சாக்கடை வாய்க்குக் கொண்டுபோய் விட்டால் குவளையும் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

அடைத்தால் என்ன ஆகும்? அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் தண்ணீராகவே சூடேறிக்கொண்டு போகும். தொட்டி ஓரிடத்தில் பிளந்தால் அழுத்தம் சட்டென்று விழும். உடனே அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். நம் குளியலறையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

பிரான்ஸைச் சேர்ந்த தெனி பாப்பென் என்ற விஞ்ஞானி, 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை உணர்ந்தார். மூடிய பாத்திரத்தில் நீராவியால் சமைக்கும் கருவியை உண்டாக்கினவர் அவர். அதற்கு ஒரு பாதுகாப்பு வால்வையும் சேர்த்து வைத்தார். நம் பிரஷர் குக்கரின் வெயிட்டும் அந்த வம்சத்தில் வந்ததுதான். குக்கர் வெயிட்டை ஆணி வைத்து யாராவது அடைப்பார்களா? கீசரில் மட்டும் ஏன் அடைக்கிறோம்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

இரண்டு தொழில், ஒரு பெட்டி

கீசர் ஒன்றுதான். அதில் சம்பந்தப்பட்ட தொழில் இரண்டு. தண்ணீர் பிளம்பரைச் சேர்ந்தது. மின்சாரம் வயர்மேனைச் சேர்ந்தது.

தொல்லை இங்கேதான் ஆரம்பம். பிளம்பரைக் கேட்டால், "இது கரண்ட் சமாச்சாரம்" என்பார். வயர்மேனைக் கேட்டால், "இது தண்ணீர் சமாச்சாரம்" என்பார். இரண்டையும் செய்வதாகச் சொல்லுகிறவர், பல சமயங்களில் ஒன்றை மட்டுமே கற்றவராக இருப்பார்.

புதுக் கீசர் வாங்கும்போது கம்பெனி ஆளே வந்து மாட்டித் தருவார். உத்தரவாதக் காலம் முடியும்வரை அவரைத்தான் அழைக்க வேண்டும். வெளி ஆள் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடக் கூடும். கடையில் வாங்கிய ரசீதையும் கார்டையும் பத்திரமாக வையுங்கள். நாள் குறிக்காத கார்டு வெறும் காகிதம்.

உத்தரவாதம் முடிந்த பிறகு வெளி ஆள் தேவைப்பட்டால், தெருமுனையில் தேடாதீர்கள். உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே வேலை செய்தவர் யார் என்று இரண்டு வீடுகளில் விசாரியுங்கள். பழுதான வேலைக்குத் திரும்ப வந்து நின்றாரா என்று கேளுங்கள். அதுதான் பெரிய சான்றிதழ்.

எழுத்திலும் சான்றிதழ் உண்டு. கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழும், மின் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமமும் அங்கேதான் தருகிறார்கள். பல்பு மாற்ற இது வேண்டியதில்லை. குளியலறைக்குப் புது லைன் இழுப்பதற்குச் சான்று உள்ளவர்தான் வேண்டும். "சான்றிதழ் இருக்கிறதா அண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். பெருமையோடு எடுத்துக் காட்டுவார்.

ஐந்து கேள்விகள்

வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். பிறகு இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: எர்த் இருக்கிறதா? மூன்று ஓட்டை பிளக் இருந்தால் மட்டும் போதாது. மூன்றாவது ஓட்டையின் பின்னால் பச்சை ஒயர் இருக்க வேண்டும். அது பூமிவரை போக வேண்டும். பழைய வீடுகளில் பிளக் இருக்கும், ஒயர் இருக்காது. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. எர்த்தைத் தனியாகச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சுருளில் கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாத வீட்டில் மின்சாரம் நனைந்த உடம்பின் வழியேதான் பூமியைத் தேடும்.

எர்த்தோடு ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் இருப்பது நல்லது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. சாதாரண எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. அது ஒயரைக் காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. உயிரைக் காப்பாற்றும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். 'டப்' என்று விழ வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ஒயர் தாங்குமா? 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் சிறிய பிளக்கில் இதை மாட்டினால் பிளக் உருகும். தனி லைன், 16 ஆம்பியர் பிளக், தனி சுவிட்ச் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது.

மூன்றாவது கேள்வி: சுவர் தாங்குமா? தண்ணீர் மட்டும் 25 கிலோ. பெட்டியையும் சேர்த்தால் ஒரு சிறு பிள்ளையின் கனம் தலைக்கு மேலே தொங்குகிறது. கெட்டியான சுவரில் சரியான போல்ட் போட்டு மாட்டுகிறாரா, மரச் சக்கை அடித்து ஆணியில் தொங்கவிடுகிறாரா என்று பாருங்கள்.

நான்காவது கேள்வி: பாதுகாப்பு வால்வு மாட்டினீர்களா? சொட்டுகிற வாய் திறந்திருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். உயர்ந்த அடுக்கு மாடிகளிலும், பிரஷர் பம்பு வைத்த வீடுகளிலும் அது இன்னும் அதிகம். பெட்டி எத்தனை பார் தாங்கும் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி கேளுங்கள்.

ஐந்தாவது கேள்வி: தண்ணீர் நிரம்பிவிட்டதா? வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றில்லாமல் தண்ணீர் கொட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் சுருள் எரிந்துபோகும்.

வேலை முடிந்ததும் ரசீது வாங்குங்கள். பாகம் எதையாவது மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூலியில் 50 ரூபாய் குறைப்பதற்காகப் பேரம் பேசுகிற நாம், இந்தக் கேள்விகளைக் கேட்க வெட்கப்படுகிறோம். இது தலைகீழ் வழக்கம்.

சென்னைத் தண்ணீரும் சுருளும்

நம் ஊர்த் தண்ணீரின் குணம் நமக்குத் தெரியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஊரே ஆழ்குழாயையும் லாரியையும் நம்பி வாழ்ந்தது. ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கும். சூடு பட்டவுடன் அவை பிரிந்து வெள்ளையாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

அந்தப் படிவு கீசர்ச் சுருளின்மேல் சட்டை போலப் போர்த்திக்கொள்ளும். சுருளின் சூடு தண்ணீருக்குப் போகாது. சுருள் உள்ளுக்குள்ளேயே வெந்து வெடித்துவிடும்.

தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்றும் இருக்கிறது. இதற்கு ஒரே ஒரு வேலை: தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பது. துருவெல்லாம் முதலில் கம்பியைத் தின்னும். கம்பி தீர்ந்த பிறகு தொட்டியைத் தின்னத் தொடங்கும். தொட்டி ஓட்டையானால் பிறகு எந்த வைத்தியமும் இல்லை. பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள் பூச்சு கருகிவிடும்.

ஆகவே, உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில் வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, படிவை நீக்கி, கம்பி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை ஐப்பசியில் செய்யாதீர்கள். ஆவணியில் செய்யுங்கள். அப்போது நல்ல வேலைக்காரர் கிடைப்பார், நிதானமாகச் செய்வார், நியாயமான கூலி கேட்பார்.

நோயும் குறியும்

கீசரும் மனிதரைப் போலத்தான். நோய் வருமுன் குறி காட்டும்.

சூடாகும்போது 'கிர்ர்' என்று முனகினால், சுருளில் படிவு ஏறியிருக்கிறது.

சுவிட்சைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழுந்தால், மின்சாரம் கசிகிறது. மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள். காப்பாற்ற வந்த காவல்காரனை அடிப்பதற்குச் சமம் அது.

குழாயைத் தொடும்போது 'சுர்' என்றால், உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 'லேசாகத்தானே இருக்கிறது' என்று நினைக்காதீர்கள்.

தண்ணீர் பழுப்பாக வந்தால், தொட்டி அரிக்கத் தொடங்கியிருக்கலாம்.

வழக்கத்தைவிட அதிகச் சூடாக வந்தால், தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். எங்கள் வீட்டில் வந்த குறி இதுதான். அந்த வயர்மேன் கட்-அவுட்டின் பொத்தானை அழுத்தி ஓடவிட்டு, 100 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். ஆனால், கட்-அவுட் ஏன் விழுந்தது என்று அவர் கேட்டார். நல்ல தொழிலாளியின் லட்சணம் அந்தக் கேள்விதான்.

குழந்தைகளும் முதியோரும் இருக்கும் வீட்டில் சூட்டை 50 டிகிரி அளவில் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

காஸ் கீசரும் ராடும்

மின்சாரக் கட்டணத்துக்கு அஞ்சிச் சிலர் காஸ் கீசர் வைக்கிறார்கள். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் மாஹன் என்ற ஓவியத் தொழிலாளிதான் காஸ் கீசரை முதலில் செய்து, 'கீசர்' என்றே பெயர் வைத்தார். ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயர் அது. அந்த முதல் கீசரில் ஒரு பெரிய குறை இருந்தது. புகை வெளியேறக் குழாய் இல்லை!

அந்தக் குறையை இன்றும் நாம் நம் வீட்டில் உண்டாக்கிக்கொள்கிறோம். ஜன்னல் இல்லாத சிறிய குளியலறைக்குள் காஸ் கீசரை மாட்டிக் கதவையும் சாத்திக்கொள்கிறோம். காற்றுப் போதாமல் எரிகிற காஸ், கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவைத் தருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலை சுற்றும், மயக்கம் வரும், தாழ்ப்பாளைத் திறக்கும் முன்பே கால் துவண்டுவிடும். காஸ் கீசர் வைத்தால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உள்ளேதான் மாட்டுவேன் என்கிற ஆளைத் திருப்பி அனுப்புங்கள்.

வாளியில் போடும் ராடுக்கும் ஒரு வார்த்தை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். 'சூடு வந்துவிட்டதா' என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் உயிருக்கே உலை வைக்கும்.

இத்தனை பயமுறுத்தலுக்கும் பிறகு, வெந்நீரே வேண்டாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 25 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம்தான் ஆகிறது. 2,000 வாட் பெட்டிக்கு அரை மணி நேரம். கரியும் வேண்டாம், புகையும் வேண்டாம். பாட்டிமார் கண் எரிய எரிய ஊதாங்குழல் ஊதிய காலம் போனது நல்லதே. காவல் மூன்றும் ஒழுங்காக இருந்தால் கீசர் சாதுவான பிராணி.

சொட்டட்டும்!

எங்கள் வீட்டு வயர்மேன் புதுத் தெர்மோஸ்டாட் போட்டார். வால்வை மாற்றினார். அதன் வாயில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தித் தரைவரை இறக்கிவிட்டார். எர்த்தைச் சோதித்துக் காட்டினார். போகும்போது அந்தப் பித்தளைத் திருகை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். ஞாபகத்துக்கு வெச்சிக்குங்க" என்றார்.

வைத்திருக்கிறேன். என் மேஜைமேல் காகிதம் பறக்காமல் காக்கிறது. அதற்கு ஏற்ற வேலை அதுதான்.

மறு தீபாவளிக்குப் பேரன்தான் முதலில் குளித்தான். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே பாட்டுச் சத்தம். அதற்கு நடுவே, சொட்டு... சொட்டு... என்று இன்னொரு சத்தம்.

"தாத்தா! இன்னும் சொட்டுது!" என்று கத்தினான்.

"சொட்டட்டும்டா கண்ணா. நீ குளி!" என்றேன்.

வாசகர்களே! இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரு நிமிஷம் குளியலறைக்குப் போய்ப் பாருங்கள். கீசரை அணைத்துவிட்டு, அதன் அடியில் பாருங்கள். வால்வின் வாய் திறந்திருக்கிறதா? அடைத்திருந்தால் சுவிட்சைப் போடாதீர்கள். முதலில் நல்ல ஆளைத் தேடுங்கள்.